யூதாஸ் முகத்தில் ஓர் ஏலக்காரர்!
புனிதப் படங்களுக்குள் ஒளிந்திருக்கும் கேலியும் கோபமும்

பூந்தமல்லி ஆனாலும் சரி, ஆவடி ஆனாலும் சரி, முத்தாபுதுப்பேட்டை ஆனாலும் சரி. கிறிஸ்தவக் குடும்பத்தார் வீடுகளில் ஒரு படம் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

நீளமான மேஜை. நடுவில் ஏசுநாதர். இரண்டு பக்கமும் 12 சீடர்கள். மேஜை மேல் ரொட்டி.

ஏசுநாதர் தம் சீடர்களோடு சாப்பிட்ட கடைசி இரவு விருந்து அது. மறுநாள் அவரைச் சிலுவையில் அறைந்தார்கள்.

அந்த 12 பேரில் ஒருவன் துரோகி. பெயர் யூதாஸ். 30 வெள்ளிக் காசுக்காகக் குருவையே காட்டிக் கொடுத்தவன்.

கல்கத்தாவில் செயின்ட் ஜான் தேவாலயம் என்று ஒரு பழைய கோவில் இருக்கிறது. அங்கேயும் இந்த விருந்துப் படம் உண்டு. அந்தப் படத்தில் யூதாசாக உட்கார்ந்திருப்பவர் யார் தெரியுமா?

கல்கத்தாவில் ஏலக்கடை நடத்திய ஒரு வெள்ளைக்காரர்!

உயிரோடு ஊரில் நடமாடிய மனிதர் அவர். கடைக்குப் போனால் அவரைப் பார்க்கலாம். கோவிலுக்குப் போனால் அதே முகத்தைத் துரோகியின் உடம்பில் பார்க்கலாம்!

இப்படியும் ஓர் ஓவியர் செய்வாரா? செய்தார். அவருக்கு முன்பே பலர் செய்திருக்கிறார்கள். வாயால் சொல்ல முடியாததைத் தூரிகையால் சொன்ன அந்த ஓவியர்களின் கதை இது.

காசு கொடுத்தவர் மூலையில்

சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பு, இத்தாலி நாட்டில் ஓவியக் கலை கொடிகட்டிப் பறந்தது. அதை 'மறுமலர்ச்சிக் காலம்' என்று சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் ஓவியர் இஷ்டப்பட்டதை எல்லாம் வரைய முடியாது. போப் ஆண்டவர், மடத்துத் தலைவர், சிற்றரசர், பெரிய வியாபாரி ஆகியோர்தான் பணம் கொடுப்பார்கள். 'இன்னது வரை' என்று கட்டளை போடுவார்கள்.

பணம் கொடுத்தவர் தம் உருவத்தையும் படத்தின் ஓரத்தில் வரையச் சொல்வது உண்டு. மாதாவின் பாதத்தில் அவர் கைகூப்பி நிற்பார். நம் நாட்டிலும் இந்த வழக்கம் இருந்தது. மதுரை புதுமண்டபத்தில் திருமலை நாயக்கர் சிலையாகக் கும்பிட்டு நிற்கிறார் அல்லவா? அதைப் போலத்தான்.

நல்லவர்களுக்கு முகம் கொடுத்தாகிவிட்டது. கெட்டவர்களுக்கு யார் முகத்தைப் போடுவது?

அங்கேதான் ஓவியருக்கு ஒரு வழி கிடைத்தது!

கொட்டிய உப்பு

நம் வீடுகளில் தொங்கும் விருந்துப் படத்துக்கெல்லாம் தாய்ப்படம், இத்தாலியில் மிலான் நகரில் இருக்கிறது. வரைந்தவர் லியனார்டோ டாவின்சி. காலம் சுமார் 1495 முதல் 1498 வரை.

துறவிகள் உட்கார்ந்து சாப்பிடும் கூடத்தின் சுவரில் அவர் அதை வரைந்தார். உயரம் 15 அடி. அகலம் 29 அடி.

லியனார்டோவுக்கு முன்பு இருந்தவர்கள் யூதாசை எப்படிக் காட்டினார்கள்? மேஜைக்கு இந்தப் பக்கம் தனியாக உட்கார வைத்துவிடுவார்கள். 'இவன்தான் துரோகி' என்று குழந்தைக்கும் தெரியும்.

லியனார்டோ அப்படிச் செய்யவில்லை. யூதாசையும் மற்றவர்களோடு ஒரே வரிசையில் உட்கார வைத்தார். துரோகி வெளியே இருந்து வருகிறவன் அல்ல. நம்மோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறவன் என்று காட்டினார்.

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? அடையாளங்களை ஒளித்து வைத்திருக்கிறார்.

ஏசுநாதருக்கு வலது கைப்பக்கத்தில் பாருங்கள். ஒருவன் சற்றே பின்னுக்குச் சாய்ந்திருப்பான். அவன் முகத்தில் நிழல் விழுந்திருக்கும். கையில் பணப்பையை இறுக்கிப் பிடித்திருப்பான். அவன் முழங்கை அருகில் உப்புக் கிண்ணம் கவிழ்ந்து கிடக்கும். சுவரில் இருக்கும் மூலப்படம் சிதைந்துவிட்டதால், உப்புக் கிண்ணம் பழைய நகல்களில்தான் நன்றாகத் தெரிகிறது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் ஊர்ப் பழமொழி. ஐரோப்பாவிலும் உப்பு சிந்துவது கெட்ட சகுனம். உப்பைக் கொட்டியவன் நன்றி கெட்டவன் என்பதைப் படிக்கத் தெரியாதவரும் புரிந்து கொண்டார்கள்.

இந்தப் படத்தைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதையும் உண்டு. 16-ம் நூற்றாண்டில் வசாரி என்பவர் அதை எழுதி வைத்தார்.

லியனார்டோ மெதுவாக வேலை செய்தார். சில நாள் தூரிகையைத் தொடாமலே சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மடத்துத் தலைவருக்குப் பொறுக்கவில்லை. சிற்றரசரிடம் போய்ப் புகார் செய்தார்.

சிற்றரசர் லியனார்டோவைக் கூப்பிட்டு விசாரித்தார். யூதாசுக்குத் தகுந்த கொடிய முகம் இன்னும் கிடைக்கவில்லை என்றும், வேறு முகம் கிடைக்காவிட்டால் மடத்துத் தலைவரின் முகம் இருக்கவே இருக்கிறது என்றும் லியனார்டோ பதில் சொன்னாராம்.

சிற்றரசர் விழுந்து விழுந்து சிரித்தார். மடத்துத் தலைவர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லையாம்!

நரகத்தில் ஓர் அதிகாரி

லியனார்டோ மிரட்டியதோடு நிறுத்திக் கொண்டார். இன்னொருவர் செய்தே காட்டிவிட்டார். அவர்தான் மைக்கேல் ஆஞ்சலோ.

ரோமாபுரியில், போப் ஆண்டவரின் சிஸ்டைன் ஆலயத்தில், 'கடைசித் தீர்ப்பு' என்ற படத்தை அவர் வரைந்தார். 1536-ல் தொடங்கி 1541-ல் முடித்தார். தொடங்கும்போது அவருக்கு வயது 61.

உலகம் முடியும் நாளில் ஏசுநாதர் வந்து தீர்ப்புச் சொல்கிறார். நல்லவர்கள் மேலே போகிறார்கள். கெட்டவர்கள் நரகத்தில் விழுகிறார்கள். ஒரே சுவரில் 300-க்கும் அதிகமான உருவங்கள்! அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உடம்பில் துணி இல்லை.

படம் முடியும் முன்பே போப் ஆண்டவர் மூன்றாம் பவுல் அதைப் பார்க்க வந்தார். கூடவே பியாஜோ என்ற அதிகாரியும் வந்தார். அரண்மனைச் சடங்குகளை எல்லாம் நடத்தி வைப்பவர் அவர்.

'எப்படி இருக்கிறது?' என்று போப் கேட்டார்.

பியாஜோ முகத்தைச் சுளித்தார். புனிதமான இடத்தில் இத்தனை நிர்வாண உருவங்களா? இது குளிக்கும் கூடத்துக்கும் சாராயக் கடைக்கும்தான் பொருத்தம் என்று சொல்லிவிட்டார்.

மைக்கேல் ஆஞ்சலோ எதிர்த்துப் பேசவில்லை. அவர்கள் போனதும், பியாஜோவின் முகத்தை நினைவில் வைத்தே வரைந்தார். எங்கே? நரகத்தின் வாசலில்! பாவிகளுக்குத் தண்டனை விதிக்கும் மைனாஸ் என்பவனின் உருவத்தில்! நம் ஊர்க் கதைகளில் வரும் எமதர்மன் மாதிரி அவன்.

அதோடு விட்டாரா? இரண்டு கழுதைக் காதுகளை வைத்தார். உடம்பைச் சுற்றி ஒரு பாம்பையும் விட்டார்.

பியாஜோ ஓடிப்போய்ப் போப் ஆண்டவரிடம் முறையிட்டார். நரகத்தில் எனக்கு அதிகாரம் இல்லையே, அங்கிருந்து உன்னை எப்படி மீட்பேன் என்று போப் சிரித்துக்கொண்டே கையை விரித்தாராம்.

பியாஜோ இறந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் அவர் முகம் கழுதைக் காதோடு இன்றும் அங்கேதான் இருக்கிறது.

உரித்த தோலில் யார்?

அதே படத்தில் இன்னொரு முகமும் இருக்கிறது. அது வேறு மாதிரி.

பர்த்தலமேயு என்பவர் ஏசுநாதரின் சீடர்களில் ஒருவர். இந்தியாவுக்கு வந்து போதனை செய்தவர் என்று பழைய கிறிஸ்தவ மரபு சொல்கிறது. அவரை உயிரோடு தோல் உரித்துக் கொன்றார்கள் என்பது கதை.

படத்தில் அவர் ஒரு கையில் கத்தியும் மறுகையில் உரித்த தோலும் வைத்திருக்கிறார். அந்தத் தோலில் ஒரு முகம் தொங்குகிறது. பர்த்தலமேயுவுக்கு நீண்ட தாடி. ஆனால் தோலில் இருக்கும் முகம் வேறு ஆளுடையது!

சுமார் 400 ஆண்டுகளாக யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. 1925-ல் லா காவா என்ற இத்தாலிய டாக்டர், அது மைக்கேல் ஆஞ்சலோவின் முகமே என்று எழுதினார். கலை ஆராய்ச்சியாளர்கள் பலரும் அதை ஒப்புக்கொண்டார்கள்.

தன்னைக் குறை சொன்னவரை நரகத்தில் போட்டார் ஓவியர். தன்னையோ வெறும் தோலாக, தீர்ப்புக்குக் காத்து நிற்பவராக வரைந்து கொண்டார்!

சிரிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. ஐரோப்பாவில் மதச்சண்டை முற்றியது. 1563-ல், கோவில் படங்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. 'கடைசித் தீர்ப்பு' படத்தில் உள்ள உருவங்களுக்குத் துணி உடுத்த வேண்டும் என்று அடுத்த ஆண்டில் முடிவாயிற்று. அதே 1564-ல் மைக்கேல் ஆஞ்சலோ இறந்தார்.

துணி வரையும் வேலை அவருடைய நண்பர் டேனியேல் என்ற ஓவியருக்கு வந்தது. பாவம், அவர் எவ்வளவோ நல்ல படங்களை வரைந்தவர். ஆனால் ஊரார் அவருக்கு 'கால்சட்டை ஓவியர்' என்று பட்டப்பெயர் சூட்டிவிட்டார்கள்!

விசாரணைக் கூண்டில் ஓவியர்

கேலி செய்தவர் தப்பித்துக் கொண்டார். கேலியே செய்யாத ஒருவர் மாட்டிக் கொண்டார்.

வெனிஸ் நகரத்து ஓவியர் வெரோனீஸ். 1573-ல் ஒரு மடத்துக்காகக் கடைசி விருந்துப் படம் வரைந்து கொடுத்தார். சுமார் 18 அடி உயரம். 42 அடி அகலம். பெரிய கல்யாணப் பந்தல் போல இருந்தது அந்த விருந்து!

அதே ஆண்டு ஜூலை 18-ந் தேதி, மத விசாரணை மன்றத்தில் இருந்து அவருக்கு அழைப்பு வந்தது. அந்தக் காலத்தில் அந்த மன்றத்தின் பெயரைக் கேட்டாலே குலை நடுங்கும். மதத்துக்கு விரோதி என்று தீர்ப்பானால் சிறை கிடைக்கும். உயிரே போனாலும் போகும்.

கேள்விகள் சரமாரியாக வந்தன.

மூக்கில் ரத்தம் வடிய ஒரு வேலைக்காரன் நிற்கிறானே, அவன் எதற்கு? கையில் கிளியோடு கோமாளி எதற்கு? ஒரு சீடர் முள்கரண்டியால் பல் குத்துகிறாரே, ஏன்? ஈட்டி பிடித்த ஜெர்மன் சிப்பாய்கள் படிக்கட்டில் உட்கார்ந்து குடிக்கிறார்களே, ஏன்?

கடைசிக் கேள்விதான் அபாயமானது. போப் ஆண்டவரை எதிர்த்துக் கிளம்பிய புராட்டஸ்டண்டு இயக்கம் ஜெர்மனியில் பிறந்தது. அங்கே திருச்சபையைக் கேலி செய்து படங்கள் போட்டார்கள். 'நீயும் அந்தக் கூட்டமா?' என்பதுதான் கேள்வியின் உள்ளர்த்தம்.

வெரோனீஸ் என்ன பதில் சொன்னார்?

படம் பெரியது, இடம் நிறைய இருந்தது, அதை நிரப்ப ஆட்களைச் சேர்த்தேன் என்றார். கவிஞர்களுக்கும் பித்தர்களுக்கும் உள்ள சுதந்திரத்தை நாங்களும் எடுத்துக் கொள்கிறோம் என்றார். மைக்கேல் ஆஞ்சலோ ரோமாபுரியில் நிர்வாண உருவங்களை வரையவில்லையா என்றும் கேட்டுப் பார்த்தார்.

மன்றம் அசையவில்லை. மூன்று மாதத்துக்குள், சொந்தச் செலவில், படத்தைத் திருத்த வேண்டும் என்று உத்தரவு போட்டது.

ஓவியர் திருத்தினார். எதைத் திருத்தினார் தெரியுமா? படத்தின் பெயரை!

'கடைசி விருந்து' என்ற பெயரை எடுத்துவிட்டார். 'லேவி வீட்டு விருந்து' என்று ஆக்கினார். லூக்கா 5-ம் அதிகாரம் என்று படத்திலேயே எழுதியும் வைத்தார்.

அந்த அதிகாரத்தில் என்ன இருக்கிறது? லேவி ஒரு வரி வசூலிப்பவன். ஏசுநாதருக்குப் பெரிய விருந்து வைத்தான். பாவிகள் என்று ஊர் ஒதுக்கியவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். 'இவர்களோடு சாப்பிடலாமா?' என்று மதப்பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். நோயாளிக்குத்தானே வைத்தியர் வேண்டும் என்று ஏசுநாதர் பதில் சொன்னார்.

கோமாளியும் குடிகாரனும் இருக்கக்கூடாது என்றா சொன்னீர்கள்? அவர்கள் இருக்க வேண்டிய விருந்தாகவே மாற்றிவிட்டேன் என்பது போல ஆகிவிட்டது! மன்றத்தின் உத்தரவும் நிறைவேறியது. கோமாளியும் கிளியும் பத்திரமாக இருந்தன. இன்று அந்தப் படம் வெனிஸ் அகாடமி ஓவியக் கூடத்தில் இருக்கிறது.

கல்கத்தாவுக்கு வந்த ஓவியர்

இப்போது கல்கத்தாவுக்குத் திரும்புவோம்.

ஜோபனி என்பவர் ஜெர்மனியில் 1733-ல் பிறந்த ஓவியர். இங்கிலாந்தில் ராஜ குடும்பத்துக்குப் படம் வரைந்து பெயர் வாங்கினார். ராணி சார்லட் அவரை இத்தாலிக்கு அனுப்பினார். பிளாரன்ஸ் நகரத்து ஓவியக் கூடத்தைப் படமாக வரைந்து வரச் சொன்னார்.

ஜோபனி வரைந்தார். ஆனால் கூடத்தை மட்டும் வரையவில்லை. அங்கே சுற்றிப் பார்க்க வந்த இங்கிலீஷ் கனவான்களின் முகங்களையும் சேர்த்துவிட்டார். ராணிக்கு அது பிடிக்கவில்லை. ஓவியருக்கு அரண்மனையில் இருந்த மவுசு குறைந்தது.

1783-ல் அவர் இந்தியாவுக்கு வந்தார். அந்தச் சமயத்தில் கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் புதிதாக ஒரு கோவில் கட்டினார்கள். மகாராஜா நவகிருஷ்ண தேவ் நிலம் கொடுத்தார். 1787-ல் செயின்ட் ஜான் தேவாலயம் திறக்கப்பட்டது. பீடத்துக்கு ஜோபனி கடைசி விருந்துப் படம் வரைந்து கொடுத்தார்.

கோவிலுக்கு வந்த கல்கத்தாவாசிகள் படத்தைப் பார்த்துத் திகைத்தார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள்!

ஏசுநாதராக இருந்தவர், ஊரில் இருந்த கிரேக்கப் பாதிரியார் பார்த்தெனியோ. ஏசுநாதரின் அன்புச் சீடர் யோவானாக இருந்தவர், போலீஸ் மாஜிஸ்திரேட்டு பிளாக்கியர்.

யூதாஸ்? ஏலக்கடைக்காரர் வில்லியம் டல்லோ!

தம்மைக் கேட்காமலே இப்படி வரைந்துவிட்டதாக டல்லோ கொதித்தார் என்றும், கோர்ட்டுக்கே போனார் என்றும் கல்கத்தாவில் ஒரு பேச்சு உண்டு.

படத்தில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. விருந்து நடப்பதோ ஜெருசலேம் நகரில். ஆனால் ஆணியில் தொங்குவது நம் நாட்டுச் சேவகனின் வாள். கீழே இருக்கும் பாத்திரம் நம் ஊர்த் துப்பல் பணிக்கம் மாதிரி. பக்கத்தில் தண்ணீர் சுமப்பவனின் தோல் பை! ஏசுநாதரின் விருந்தைக் கல்கத்தா வீட்டுக்குள்ளேயே நடத்திவிட்டார் ஓவியர்.

இந்தப் படம் 2010-ல் பழுது பார்க்கப்பட்டது.

கல்கத்தா போகிறவர்கள் அந்தக் கோவில் வளாகத்தில் இன்னொன்றையும் பார்க்கலாம். கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை ஏற்படுத்திய ஜோப் சார்னக்கின் கல்லறை அங்கே உள்ளது. அதன் கல் எங்கிருந்து போனது தெரியுமா? நம் பல்லாவரத்து மலையில் இருந்து! 1893-ல் ஆராய்ச்சியாளர் ஹாலண்டு, அந்தக் கல் வகைக்கு 'சார்னகைட்' என்றே பெயர் வைத்தார். பல்லாவரத்துக் கல் உலகப் பாடப் புத்தகங்களில் ஏறியது அப்படித்தான்.

எல்லாமே ரகசியமா?

இந்தக் கதைகளைக் கேட்டதும் எல்லாப் படத்திலும் மர்மம் தேடத் தோன்றும். அங்கேதான் எச்சரிக்கை வேண்டும்.

2003-ல் ஓர் ஆங்கில நாவல் வந்தது. லியனார்டோவின் படத்தில், ஏசுநாதருக்குப் பக்கத்தில் இருப்பவர் யோவான் அல்ல, மரிய மதலேனாள் என்ற பெண் என்று அதில் எழுதியிருந்தது. உலகம் முழுவதும் பரபரப்பு!

உண்மை என்ன? யோவான் வயதில் சிறியவர். தாடி மீசை இல்லாமல் மென்மையான முகத்தோடு அவரை வரைவது அந்தக் காலத்து வழக்கம். சுவிட்சர்லாந்தில் போன்ட்டே காப்ரியாஸ்கா என்ற ஊர்க் கோவிலில், இந்தப் படத்தின் 16-ம் நூற்றாண்டு நகல் இருக்கிறது. அதில் சீடர்களின் பெயர்களையே எழுதி வைத்திருக்கிறார்கள். யோவான் பெயரும் இருக்கிறது. அதோடு, அவர் பெண் என்றால் 12 சீடரில் ஒருவர் குறைவாரே! அவர் எங்கே போனார்?

இன்னொன்று. மைக்கேல் ஆஞ்சலோ, கடவுள் ஆதாமைப் படைக்கும் காட்சியையும் வரைந்திருக்கிறார். கடவுளைச் சுற்றியுள்ள போர்வை மனித மூளையின் வடிவில் இருப்பதாக 1990-ல் ஓர் அமெரிக்க டாக்டர் எழுதினார். மைக்கேல் ஆஞ்சலோ பிணங்களை அறுத்துப் படித்தவர்தான். ஆனால் மூளையை நினைத்து வரைந்ததாக அவர் எங்கும் சொல்லவில்லை. வடிவம் ஒத்திருக்கிறது என்பது மட்டும் சாட்சி ஆகாது.

பியாஜோ கதையை எழுதிய வசாரி, மைக்கேல் ஆஞ்சலோவோடு பழகியவர். வெரோனீசின் விசாரணைக்கு மன்றத்தின் பதிவே இருக்கிறது. இப்படிச் சாட்சி இருந்தால் நம்பலாம். இல்லாவிட்டால் அதை வெறும் ஊகம் என்றுதான் கொள்ள வேண்டும்.

பதில் சொல்ல முடியாத முகம்

ஓர் அதிகாரி ஓவியரை அதட்டலாம். பணக்காரர் கூலியைக் குறைக்கலாம். மன்றம் தண்டிக்கலாம். ஓவியர் கையில் இருப்பது ஒரு தூரிகைதான். ஆனால் அந்தத் தூரிகை போட்ட தண்டனை 500 ஆண்டானாலும் முடிவதில்லை!

அது நியாயமா என்றும் கேட்க வேண்டும். பியாஜோ செய்த குற்றம் என்ன? தமக்குப் பட்டதைச் சொன்னார். அவ்வளவுதான். டல்லோ யாரைக் காட்டிக் கொடுத்தார்? யாரையும் இல்லை. அவர் பெயரை இன்று உலகம் நினைப்பதெல்லாம் யூதாஸ் முகத்தை வைத்துத்தான். அவருடைய பக்கத்தைச் சொல்ல அவருக்கு ஒரு சுவர் கிடைக்கவில்லை.

இதை எல்லாரையும்விட நன்றாக உணர்ந்தவர் லியனார்டோதான் போலிருக்கிறது. மடத்துத் தலைவரின் முகத்தைப் போடுவேன் என்று வேடிக்கைக்குச் சொன்னதோடு விட்டுவிட்டார். யூதாசையும் தனியே ஒதுக்காமல் எல்லோரோடும் உட்கார வைத்தார்.

'உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக் கொடுப்பான்' என்று ஏசுநாதர் சொன்ன நிமிஷத்தைத்தான் அவர் வரைந்திருக்கிறார். சீடர்கள் பதறுகிறார்கள். ஒருவர் தம் நெஞ்சில் கையை வைத்து, 'நானா? நானா?' என்று கேட்பது போல இருக்கிறது.

அடுத்த முறை அந்தப் படத்தைப் பார்க்கும்போது, யூதாஸ் யார் என்று குழந்தைகளுக்குக் காட்டுங்கள். பணப்பையைக் காட்டுங்கள். பிறகு, நெஞ்சில் கை வைத்தவரையும் காட்டுங்கள்.